பதினோராவது வார்த்தை

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிந்ததும் பூவும் கோபுரமும் அனுப்புகிற அருமைத் தோழிகளே, இன்றைக்கு ஒரு நாள் நான் கொஞ்சம் நீளமாக எழுதிக்கொள்கிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்கிற பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

போன தடவை பெங்களூரிலிருந்து வந்தபோது என் மகள் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுடைய அப்பா போன பிறகு நான் வீட்டில் டிவியோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குக் கவலை. "தெனம் ஒரு கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை வரும்மா. மூளை துருப்பிடிக்காது" என்றாள். காலை ஆறு மணிக்கு டிங் என்று ஒரு சத்தம் வரும். வார்த்தை, அதற்கு அர்த்தம், அதை வைத்து ஒரு வாக்கியம். வீட்டில் அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுகிற ஒரே சத்தம் அதுதான் என்பதால் நானும் விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

இன்றைக்கு வந்த வார்த்தை பர்ஃபங்க்டரி. அர்த்தம் பார்க்க நான் திரையில் விரல் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏனோதானோவென்று, கடனே என்று ஒரு வேலையைச் செய்வது. வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஆடு ஞாபகம் வந்தது. கருப்பு ஆடு, ஒரு காதில் வெள்ளை. அந்த ஆட்டைத் தொடர்ந்து வேறு மூன்று ஆடுகள் ஞாபகம் வந்தன. அப்புறம் நான் அடுப்பில் பால் வைத்திருந்ததையே மறந்துபோனேன். பொங்கி வழிந்து மேடையெல்லாம் நாசம்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் எனக்கு வைத்த பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிக்‌ஷனரி. ஏழாம் வகுப்பில் நான் லீவு லெட்டரில் எழுதிய ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் நம் கிளாஸ் டீச்சரே பக்கத்து வகுப்புக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை வார்த்தையும் எங்கே கற்றுக்கொண்டேன் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து வந்த அந்தக் கோடை லீவை நீங்கள் எல்லாரும் தர்மபுரியில் தெருவில் ஓடிப்பிடித்துக் கழித்தீர்கள். நான் ஏரியூரில் இருந்தேன்.

என் அப்பா ஒரு அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். எந்த ஆபீஸ் என்பது இப்போது முக்கியமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தமிழில் படித்தவர். டைப்பில் ஹையர் பாஸ். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் தாளை மட்டும் பார்ப்பார், விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் எழுத்து எழுத்தாகத்தான் தெரியும். அடிக்கிற கடிதத்தில் பாதிக்கு அர்த்தம் தெரியாது. 'டிரான்ஸ்ஃபர்', 'இன்கிரிமென்ட்', 'லீவ்' மாதிரி ஆபீசில் தினம் புழங்குகிற வார்த்தைகள் தெரியும். மற்றதெல்லாம் அவருக்கு அழகாக வரிசையில் நிற்கிற எழுத்துகள். அவர் அடித்த தாளில் ஒரு எழுத்துப் பிழை இருக்காது என்று அம்மா பெருமை அடித்துக்கொள்வாள்.

அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது. ஒரு தடவை அவருடைய ஆபீசர், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய பதில் ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது எரிச்சலில், ஓரத்தில், இந்த முட்டாளுக்கு இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்வது என்று இங்கிலீஷில் கிறுக்கியிருந்தார். கிறுக்கலுக்குப் பக்கத்தில் அம்புக்குறி மாதிரி ஒரு கோடு வேறு. ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டால் அதை நடுவில் சேர்த்து அடிக்க வேண்டும் என்பது டைப்பிஸ்ட்டுகளுக்குப் பாலபாடம். அப்பா சேர்த்து அடித்தார், ஒரு பிழை இல்லாமல். ஆபீசர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கடிதம் போய்ச் சேர வேண்டிய முட்டாளிடம் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் ஆபீசர் அப்பாவைத் திட்டவில்லை. ஒரு மாதம் கழித்து, அப்பாவின் வேலையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, அதை அவரிடமே டைப் அடிக்கக் கொடுத்தார். மேலே தன் பெயரைப் பார்த்தார் அப்பா. கீழே முழுக்கப் பெரிய பெரிய வார்த்தைகள். இவ்வளவு பெரிய வார்த்தைகளில் ஒரு மனிதனைத் திட்டுவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. பிரமோஷனுக்குச் சிபாரிசு என்று நினைத்துவிட்டார். மூன்று பிரதி அடித்து, கையெழுத்துக்கு வைத்துவிட்டு, கடைக்குப் போய் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்திருக்கிறார். எல்லாரும் வாங்கித் தின்றார்கள். விஷயம் தெரிந்தவர்களும் தின்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. புளிப்பும் இனிப்புமாக நாக்கெல்லாம் சிவந்துபோனது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். மீதிக் கதை என் கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா சொன்னது.

பத்து நாளில் ஏரியூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதை அப்பாவால் படிக்க முடிந்தது.

அம்மாவுக்கு அப்போதுதான் தம்பி பிறந்து மாசம் மூன்று ஆகியிருந்தது. அவளும் தம்பியும் தர்மபுரியில் இருக்க, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "லீவுதானே, எனக்கும் சோறாக்க ஒரு ஆளாச்சு. அங்க வெளயாட்டுப் புள்ளைங்க தொந்தரவு இல்லாம இங்கிலீஷ் படிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். பென்னாகரம் தாண்டியதும் பஸ்ஸில் பாதி சீட் காலியாகிவிட்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அப்பா பார்த்தார். மடியில் புதுசாக வாங்கிய இங்கிலீஷ்-தமிழ் அகராதியை வைத்திருந்தார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னார்.

"நானூறு வார்த்த தெரிஞ்சுக்க பாப்பா. தெனம் பத்து. நானூறு முடிஞ்சா ஸ்கூல் தொறக்கும்போது தர்மபுரிக்கே போயிரலாம்."

"முடியலீன்னா?"

"முடியலீன்னா இங்கயே சேத்துர்றன். ஏழாவது இங்கயும் இருக்குது."

இதுதான் எனக்கும் அவருக்கும் ஒப்பந்தம். அம்மாவிடம் திரும்பிப் போக எனக்கு நானூறு வார்த்தை வேண்டும்.

ஏரியூரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். ஓடு போட்ட வீடு. பதினோரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது, வெளியே நிற்கவும் முடியாது. அப்பா விடிகாலையில் எழுந்து பித்தளைச் சொம்பில் நெருப்புத் துண்டுகளைப் போட்டுத் தன் சட்டையைத் தேய்ப்பார். தர்மபுரியில் அவர் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை. கசங்கிய சட்டையோடு போகிற ஆள்தான். இங்கே வந்த பிறகு காலர் மடிப்பைக்கூட விடமாட்டார். போகும்போது வாசலில் நின்று "சட்ட செரியா இருக்குதா?" என்று என்னிடம் கேட்பார். இருக்கிறது என்பேன். புது ஊருக்கு வந்ததும் அப்பாவுக்கு மிடுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆபீசில் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் வார்த்தைகளை அடித்து முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்திருப்பார். ஒரு பிரதி எனக்கு, கார்பன் பிரதி அவருக்கு. ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டு, பிழையில்லாமல், அகராதியில் இருக்கிற அதே வரிசையில். முதல் நாள் ஏயில் ஆரம்பித்தோம். நான் பகல் முழுக்க அர்த்தம் பார்த்து உருப்போட வேண்டும். சாயங்காலம் அவர் வந்து முகம் கழுவிவிட்டு, தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார். தவறாகச் சொன்னால் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். அந்த வார்த்தை கணக்கில் சேராது, அவ்வளவுதான். அது அடியைவிட மோசம்.

சில நாள் தாளில் பதினொன்று இருக்கும். பத்து முடிந்து, இரண்டு விரல் இடம் விட்டு, அடியில் தனியாக ஒன்று. அது மட்டும் அகராதி வரிசையில் வராது. நாங்கள் ஏயில் இருக்கும்போது ஒரு நாள் எஸ்ஸில் ஒன்று வந்தது.

"பதினொண்ணு படிச்சா கணக்குல பதினொண்ணா சேத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. அது கணக்குல வராது."

"அப்ப எதுக்குங்கப்பா?"

"சும்மா தெரிஞ்சு வெச்சுக்க" என்றார்.

கணக்கில் வராத வார்த்தையைப் படிப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. ஆனால் மற்ற பத்தை எப்படியோ கேட்டுக்கொண்டு போகிறவர், இதற்கு மட்டும் அர்த்தத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்வார். அதனால் படித்தேன்.

தனிமை என்றால் என்னவென்று எனக்கு அந்த ஓட்டு வீட்டில்தான் தெரிந்தது. நீங்கள் இப்போது பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு சொல்கிறீர்களே, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று, அதை நான் பன்னிரண்டு வயதிலேயே பார்த்தாகிவிட்டது. காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஆறு வரை பேச ஒரு ஆள் கிடையாது. தெருப் பிள்ளைகளோடு சேரக்கூடாது என்று அப்பாவின் உத்தரவு. தண்ணீர்ப் பானையிடம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்ப்பேன். பானைக்குள் வாயை வைத்துச் சொன்னால் குரல் பெரிசாக, வேறு யாரோ பதில் சொல்வது மாதிரித் திரும்பி வரும். அம்மாவிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. தம்பி குப்புற விழுந்துவிட்டான் என்று எழுதியிருந்தாள். அதை நான் பார்க்கவில்லையே என்று பகல் முழுக்க அழுதேன். அன்றைக்கு ஏழு வார்த்தைதான் தேறியது.

இரண்டாவது வாரம் ஆட்டுக்காரப் பெண் வந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் முள்வேலி, அதற்கப்புறம் மேய்ச்சல் நிலம். என் வயதுதான் இருக்கும். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழும் நன்றாகப் பேசுவாள், ஆடுகளை மட்டும் கன்னடத்தில் "பா, பா" என்று கூப்பிடுவாள். நான் பானையோடு பேசுவதை வேலி வழியாகப் பார்த்துவிட்டாள்.

"ஏன் பொண்ணு, பானைக்குள்ள யாரு இருக்கறாங்க?"

"யாரும் இல்ல. இங்கிலீஷ் படிக்கறன்."

"பானைக்குப் பாஸ் மார்க் வந்துருச்சா?"

ஏரியூருக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். மறுநாளிலிருந்து மத்தியானம் ஆடுகள் வேலியோரம் புளியமர நிழலில் படுக்கிற நேரத்தில் அவள் வருவாள். அவளிடம் நான்கு ஆடுகள். பெயர் கிடையாது. கருப்பு, சிவப்பு, மொட்டைக் காது, நொண்டி, அவ்வளவுதான். ஒரு நாள் கேட்டாள்.

"எங்க ஆட்டுங்களுக்கு இங்கிலீஷ்ல பேரு குடேன். ஊர்ல ஒருத்தங்க ஆட்டுக்கும் இங்கிலீஷ் பேரு இல்ல."

என் பத்து வார்த்தைகளை நான் கொடுக்க மாட்டேன். அவை ஒவ்வொன்றும் அம்மாவிடம் போகிற வழி. கொடுத்தால் தேய்ந்துவிடும் என்று ஒரு பயம். பதினோராவது வார்த்தைதான் கணக்கில் வராதே. கொடுத்தால் எனக்கு நஷ்டமில்லை. அதனால் அந்தத் தனி வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு ஆட்டுக்கு ஸ்லவன்லி. நொண்டிக்கு இண்டலென்ட். மொட்டைக் காதுக்கு அப்டியூஸ். காதில் வெள்ளை வைத்த கருப்புக்குப் பர்ஃபங்க்டரி, அது அவள் வாயில் பர்பங்கி ஆகிவிட்டது. இன்காரிஜிபிள் என்று ஒன்றும் கொடுத்துப் பார்த்தேன், நீளம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அர்த்தம் சொல்லட்டுமா என்றேன்.

"அர்த்தம் எதுக்கு? கூப்ட நல்லாருந்தா போதாதா" என்றாள்.

அடுத்த பத்து நாள் எனக்கு நல்ல நாட்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் பத்துக்குப் பத்து சொன்னேன், ஒரு நாளும் தவறவில்லை. பேச ஒரு ஆள் இருந்தால் படிப்பும் ஏறுகிறது என்பதை எந்த அப்பாவும் புரிந்துகொள்வதில்லை.

ஒரு சாயங்காலம் அப்பா கொஞ்சம் சீக்கிரம் வந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தெருவில் ஆட்டுக்காரப் பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். சிவப்பு ஆடு எங்கள் வாசலில் ஏறி நின்றுகொண்டது.

"ஏய் ஸ்லவன்லி, எறங்கு கீழ" என்று கத்தினாள். "பா, பா. ஸ்லவன்லி."

அப்பா ஒரு செருப்போடு அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தார். தேய்த்த சட்டையை, காலரிலிருந்து கீழே வரை, ஒரு தடவை கையால் இழுத்து விட்டுக்கொண்டார். அவள் மற்ற மூன்றையும் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தெரு முழுக்க ஓட்டிக்கொண்டு போனாள். அப்பாவின் முகம் வெந்துபோன மாதிரி ஆகிவிட்டது.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நாந்தாங்கப்பா. கணக்குல வராத வார்த்ததான குடுத்தன்."

அவர் மற்றச் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "இனிமே அந்தப் புள்ளகிட்ட பேசக்கூடாது."

ஆட்டுக்காரப் பெண் என்று இளப்பமாக நினைக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். கவர்மெண்ட் ஆபீஸ்காரர் மகள் ஆடு மேய்க்கிறவளோடு பேசக்கூடாதாக்கும் என்று மனசுக்குள் அவரை வெறுத்தேன். அவர் மேல் எனக்கு வந்த முதல் வெறுப்பு அதுதான். மறுநாள் அவள் வேலியோரம் வந்து "பொண்ணு, பொண்ணு" என்று கூப்பிட்டாள். நான் உள்ளே பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்று நாள் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. ஆடுகளின் பெயர்கள் மட்டும் தூரத்திலிருந்து காற்றில் கேட்கும்.

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானூறு முடிந்தது. அப்பா காலையிலேயே சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். லீவு நாளில் எதற்குத் தேய்த்த சட்டை என்று நினைத்தேன். ஒரு மாம்பழம் வாங்கி வந்து அறுத்து என் முன்னால் வைத்தார். பிறகு டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். நீல நிறக் கார்பன் பிரதி. மடிப்புகள் நைந்துபோயிருந்தன.

"இதப் படிச்சு அர்த்தம் சொல்லு பாப்பா. இருக்கறத இருக்கறபடி சொல்லணும். என்னா?"

"செரிங்கப்பா."

மேலே அப்பாவின் பெயர். கீழே ஆறு வரி. ஆறு வரியிலும் ஒரு வார்த்தையில்கூட நான் தடுக்கி விழவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தை. என் படிப்பு பலித்துவிட்டது என்று முதலில் ஒரு சந்தோஷம் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்கப்புறம்தான் அந்த வார்த்தைகள் யாரைப் பற்றி என்பது உறைத்தது. இவர் வேலையை ஏனோதானோவென்று செய்கிறவர். அலங்கோலமான ஆள். மந்தபுத்தி. சோம்பேறி. எவ்வளவு சொன்னாலும் திருத்த முடியாதவர். தலைமை இடத்தில் வைத்துக்கொள்ளத் தகுதியில்லாதவர். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தன் கால் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலர் விறைப்பாக நின்றது.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்கப்பா" என்றேன்.

"நல்லாவா?"

"ஆமாங்கப்பா. வேல சுத்தமா இருக்கும், பொறுப்பான ஆளு, இவர எங்க அனுப்பினாலும் நம்பி அனுப்பலாம்னு போட்டுருக்குது."

அவர் விரலை நீட்டி ஒரு வார்த்தையின் மேல் வைத்தார். ஸ்லவன்லி.

"இதுக்கு?"

"நீட்டா இருக்கறவருன்னு அர்த்தங்கப்பா."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மாம்பழத்தைப் பார்த்தேன்.

"அப்படியா" என்றார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்தார். "நாளைக்குக் கிளம்பிரு. ஒங்கம்மா தேடிக்கிட்டு இருப்பா."

ஏன் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்டால், அப்பா பாவம் என்பதால் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அதைப் படித்துச் சொன்னால் வீட்டில் ஏதாவது ரகளையாகி, நான் ஊருக்குப் போவது நின்றுவிடுமோ என்ற பயம். எனக்கு அம்மா வேண்டும். அதற்கு என்ன விலை என்று பார்க்கிற வயசு இல்லை.

மறுநாள் அப்பா லீவு போட்டு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். தம்பிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாளில் ஒட்டிக்கொண்டான். நான் உங்களோடு ஏழாம் வகுப்புக்கு வந்தேன், டிக்‌ஷனரி என்று பெயர் வாங்கினேன். அப்பா அந்த ஓட்டு வீட்டில் ஐந்து வருஷம் தனியாக இருந்தார். தானே பொங்கித் தின்றார். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவார். அதற்கப்புறம் என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டதில்லை. அவரை நான் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மானம் என் கையில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு கர்வம். வங்கியில் இருந்த முப்பது வருஷத்தில் எனக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி நானும் வருஷா வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாளில் இருந்த ஒரு வார்த்தையையும் நான் தொட்டதில்லை. அதிலும் கர்வம்தான்.

இன்று காலை அந்தக் கர்வம் பாலோடு சேர்ந்து வழிந்துபோனது. பர்ஃபங்க்டரி என்று போனில் பார்த்ததும் கருப்பு ஆடு வந்தது. கருப்புக்குப் பின்னால் சிவப்பு வந்தது, நொண்டி வந்தது, மொட்டைக் காது வந்தது. நான்கு ஆடுகளின் பெயரையும் சொல்லிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்த ஐந்தாவது பெயரையும் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் அந்த ஆறு வரியில் இருந்தவை. எல்லாம் பதினோராவது வார்த்தைகள். அந்தத் தாளில் நான் தடுக்கி விழாததற்குக் காரணம் என் படிப்பு இல்லை, தோழிகளே. அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்து, பத்துக்கு அடியில் ஒளித்து வைத்து, அவரே எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அர்த்தத்தை என் வாயாலேயே இரண்டு தடவை கேட்டிருக்கிறார். ஸ்லவன்லி என்றால் அலங்கோலமானவன் என்று அவரிடம் இரண்டு தடவை சொன்ன அதே வாயால், சில வாரம் கழித்து அதே வார்த்தைக்கு நீட்டானவர் என்று சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

அகராதி அவர் கையில்தான் இருந்தது. அவரே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம், தெரிந்துகொண்டும் இருப்பார். எதற்காக என்னைப் படிக்க வைத்தார் என்று இத்தனை வயசுக்கு அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. தனக்கு என்ன நடந்தது என்று ஒரு ஆளிடமாவது சொல்ல நினைத்திருக்கிறார். மிட்டாய் தின்ற வாய்கள் ஒன்றும் உதவவில்லை. பச்சைப் பிள்ளைக்காரியான அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. தன் வாயால் சொல்லத் தெரியவில்லை. நாற்பது நாளுக்கு மேல் செலவழித்து, பத்து பத்தாக என்னைத் தயார் செய்து, சவரம் செய்து, சட்டை தேய்த்து, எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். அன்பு என்று நினைத்துச் சாத்தினேன்.

அதில்கூட மனசு ஆறிவிடலாம். குழந்தைதானே நான். இன்னொன்றுதான் காலையிலிருந்து என்னை விடமாட்டேன் என்கிறது.

நாம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை. அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தாலும் மடிப்பு இருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஸ்லவன்லி ரெண்டு குட்டி போட்டிருக்குது பாப்பா. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கருப்பு. அந்தப் பொண்ணு ஒன்னக் கேட்டுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தார். அடுத்து நான் ஏதோ கேட்கப்போகிறேன் என்கிற மாதிரி, கால் கழுவப் போகாமல், அங்கேயே நின்றார்.

"அப்படியாப்பா" என்று சொல்லிவிட்டு நான் புத்தகத்தைப் பார்த்தேன்.